கூட்டுக்குள் பூத்த ஐந்து கொத்து

1901 மார்ச் 19 — செடி 12. சுமை கூலி ரூ. 3-8-0.
1901 மே 27 — கொத்து 31.
1902 மே 31 — கொத்து 0.
1903 மே 31 — கொத்து 0.
1903 அக்டோபர் 21 — மூங்கில் கூடு 1, பூட்டு 1. ரூ. 1-6-0.
1904 மே 9 — கூட்டுக்குள் கொத்து 5. வெளியே 0.
1904 மே 11 — வெள்ளத்தாய் கணக்குத் தீர்த்தது ரூ. 4-0-0.

இந்த ஏழு வரிகளும் என் கையெழுத்தில் உள்ளவை. தேதியிலும் எண்ணிக்கையிலும் பிழை கிடையாது. இவற்றை வைத்துத்தான் வெள்ளத்தாய் பூத்திருடி என்று முடிவு செய்தோம். பூப்பறித்துப் பிழைக்கிறவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டால் பிறகு எந்தத் தோட்டத்து வேலியும் திறக்காது.

அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். வருஷம் அவளுக்குத் தெரியாது. தாது வருஷப் பஞ்சம் வந்தபோது கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது என்பாள். அப்போது பதினெட்டு வயது என்று வைத்துக்கொண்டால் 1858. இறந்தது 1911 மார்ச் 2. தகப்பனார் ஊருக்குக் கிழக்கே ஒரு மல்லிகைத் தோட்டத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர். புருஷன் மலைச்சாமியும் மல்லிகைக்காரன். பஞ்சத்தில் கிணறு வற்றியபோது குடிதண்ணீர் இரண்டு மைல் தூரத்திலிருந்து வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கை கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்பது செடிக்கு மட்டும் ஊற்றினார்கள். மற்றது பட்டுப்போயிற்று. அந்த ஒன்பதிலிருந்து பதியன் போட்டு முந்நூறு செடி ஆக்கினார்கள். இது அவள் சொன்னது; எழுத்தில் ஆதாரம் எதுவும் நான் பார்க்கவில்லை.

1893இல் மலைச்சாமி வாந்திபேதியில் இறந்தான். பிள்ளைகள் தங்கவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் பறிப்பது பெண்கள் வேலை, வெட்டுவது ஆண்கள் வேலை. மார்கழியில் செடியைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, முழங்கால் உயரத்துக்கு அரிந்துவிட்டு, மிச்ச இலையையும் உருவி விடுவார்கள். அதற்குப் பெயர் கவாத்து. வெட்டின இடத்தில் புதுத்தளிர் வரும், அந்தத் தளிரின் நுனியில்தான் மொட்டு வரும். வெட்டாமல் விட்ட மல்லிகை இலையாகவே நிற்கும். புருஷன் போன மார்கழியில் வெள்ளத்தாய் அவனுடைய அரிவாளை எடுத்துக்கொண்டு நானே வெட்டுகிறேன் என்றாள். பொம்பளை வெட்டினால் செடி விளங்காது என்று இரண்டு தோட்டக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது ஆள் விட்டான். அந்தப் பங்குனியில் அவள் வெட்டின பாத்தி மற்றப் பாத்திகளைவிட அதிகம் பூத்ததாகக் கேள்வி.

1896இல் அவளை இராஜபாளையத்துக்கு அழைத்து வந்தவர் அசன் முகம்மது ராவுத்தர். மலைமேல் இருந்த காப்பித் தோட்டங்களுக்குப் பொதிமட்டம், அதாவது சுமை ஏற்றும் மட்டக்குதிரைகள், விட்டவர் அவர். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் மேலே போகும். காப்பிக்கொட்டை, ஏலம் கீழே வரும். ஊரிலிருந்து அய்யனார் கோவில் போகும் பாதையில் மூன்றரை மைலில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. மல்லிகை 240 செடி, நாலு பெரிய மாமரம், ஓடைத் தண்ணீர் வரும் வாய்க்கால். தோட்டத்துக் குடிசையில் வெள்ளத்தாய் இருந்தாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் இருபத்தாறு வருஷம் மழைக்கணக்கு எழுதிவிட்டு, பென்ஷனுக்குப் பிறகு ராவுத்தரிடம் மேற்பார்வைக்கு வந்தவன். மல்லிகை மொட்டு எடை போடுவதும், வேலை நாள் எழுதுவதும் என் பொறுப்பு. பூவுக்கு ஒரு நோட்டு, வேலைக்கு ஒரு நோட்டு. வெள்ளத்தாய் என்னைக் கணக்கய்யா என்பாள்.

மேலே ஒரு காப்பித் தோட்டத்துத் துரைசானி சீமைக்குத் திரும்பியபோது, தன் பங்களா முற்றத்துச் செடிகளில் பன்னிரண்டைத் தொட்டியோடு ராவுத்தருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளைக்காரர் அதற்கு ஐட்ராஞ்சியா என்று பெயர் சொல்வார்களாம். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. மலைக்கொத்து என்றோம். இடுப்பளவு புதர். இலை விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும். கிளை நுனியில் தட்டுப்போல ஒரு கொத்து. அதன் நடுவில் கடுகைக் கொட்டினதுபோலப் பொடி மொட்டுகள், ஓரத்தில் மட்டும் நாலிதழ்ப் பூ எட்டோ ஒன்பதோ வட்டமாக. நிறம் வெளிறின நீலம். வாசனை இல்லை.

தொட்டி கொண்டுவந்த ஆள் மூன்று விஷயம் சொன்னான். மத்தியானத்துக்கு மேல் வெயில் படக்கூடாது. வேர் காயக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூன்றையும் எழுதிக்கொண்டேன். அவன் அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாமர நிழலின் கிழக்கு ஓரத்தில் வெள்ளத்தாய் இடம் பார்த்தாள். காலை வெயில் கிடைக்கும். மாலையில் மேற்கு மலை சீக்கிரமே வெயிலை மறைத்துவிடும். ஓடைக்கரை மரத்தடியிலிருந்து மக்கின சருகு மண் இருபத்திரண்டு கூடை கொண்டுவந்து குழிக்குள் போட்டாள். மேலே மாஞ்சருகை ஒரு சாண் பரப்பினாள்.

ராவுத்தரின் முதல் சந்தேகம் ஏப்ரலில் வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தார். பன்னிரண்டு செடியும் இலையைத் தொங்கவிட்டுக் கிடந்தன.

"ஏன் வெள்ளத்தாய், நீ தண்ணி ஊத்துறியா, ஊத்துறேன்னு சொல்றியா?"

"ஊத்துறேன் ராவுத்தரய்யா. செத்த நேரம் ஒக்காருங்க. வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போகட்டும், அதுவா எந்திரிக்கும்."

"மனுசன் மாதிரி மத்தியானத் தூக்கம் போடுதோ?"

"ஒங்க பங்காளி போலருக்கு."

ராவுத்தர் உட்கார்ந்தார். மணி நாலு பத்துக்கு இலைகள் நிமிர்ந்தன. ஆனாலும் போகும்போது என்னிடம் குடத்தை எண்ணச் சொன்னார். நாற்பது நாள் எண்ணினேன். காலை இருபத்துநாலு குடம், மாலை பன்னிரண்டு. ஒரு நாளும் குறையவில்லை. அதை வெள்ளத்தாயிடம் படித்துக் காட்டினேன்.

"கணக்கய்யா நோட்டு இருக்கையில எனக்கு என்ன பயம்" என்றாள்.

அந்த மே மாதம் முப்பத்தொரு கொத்து பூத்தது. ராவுத்தர் கடைத்தெருவில் நின்று ஒவ்வொருவராகத் தோட்டத்துக்கு அழைத்தார். பார்த்தவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், துணிப் பூவா என்று கேட்டார்கள். அடுத்த வருஷம் நூறு கொத்து காட்டுகிறேன் என்று ராவுத்தர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் ஒன்றும் பூக்கவில்லை. செடிகள் முன்னைவிடத் தழைத்து, இலை உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. மே முழுக்கத் தினமும் நான் போய்ப் பார்த்தேன். கடைத்தெருவில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. ராவுத்தர் தோட்டத்தில் இந்த வருஷம் இலை பூத்திருக்கிறதாமே, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார்கள்.

அந்த ஆகஸ்டில் கண்ணுச்சாமி ஒரு செய்தி கொண்டுவந்தான். தினமும் எங்கள் மல்லிகையை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்குகிறவன் அவன்.

"ராவுத்தரய்யா, நம்ம நீலக்கொத்து மாதிரி ஒண்ணு மாலைக்கடையில பாத்தேன்."

"ஏலே, பாத்தியா, பாத்த மாதிரி இருந்துச்சா?"

"வண்டியில போறப்ப பாத்தது. மாடு நிக்கலை."

அன்றைக்கு அதைச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது: மல்லிகையை விரிந்த பிறகு யாரும் பறிப்பதில்லை, மொட்டாகவே பறிப்பார்கள். தோட்டத்தில் விரிந்த பூவைப் பார்க்க முடியாததாலேயே பூ இல்லை என்று ஆகாது. மலைக்கொத்தையும் யாரோ மொட்டிலேயே கிள்ளுகிறார்கள் என்று ராவுத்தருக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. விடியும்போது கூடையோடு செடிகளுக்குள் நடக்கிறவள் ஒருத்திதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேர் நிற்கும் தெருவில் நாலு பூக்கடையில் விசாரித்தேன். நீலக்கொத்து வாங்கினீர்களா, வெள்ளத்தாய் என்று ஒருத்தி கொண்டுவந்தாளா என்று கேட்டேன். நாலு பேரும் இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "மலைச்சாமி பெண்டாட்டியா? அவளா இப்படி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. 'நிரூபணம் இல்லை' என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். சந்தேகம் போகவில்லை.

1903இலும் பூக்கவில்லை. வெள்ளத்தாயின் கூடையை நான் தினமும் எடை போடுவதற்கு முன் கையைவிட்டுக் கிளறிப் பார்க்கத் தொடங்கினேன். நாலாம் நாள் அவள் கேட்டாள்.

"என்ன தேடுதீய கணக்கய்யா? பாம்பு கீம்பு விழுந்திருச்சா?"

"இலை கலந்திருக்கான்னு பாக்கேன்."

"ஏழு வருசமாக் கலக்காத இலையா இப்பக் கலக்கும்?"

ராவுத்தர் மனைவி நூர்னிசாவுக்கு மட்டும் இந்தச் சந்தேகம் ஒட்டவே இல்லை. "அந்தப் பூவுக்கு வாசமும் கிடையாது, காயும் கிடையாது. திருடி என்ன செய்வா? நெய்ச்சோத்துலயா தூவுவா?" என்று ராவுத்தரைக் கேட்டார். ராவுத்தர், பெண்களுக்குப் பெண்கள் பரிந்து பேசுவது வழக்கம்தானே என்றார்.

கூடு வைக்கும் யோசனை என்னுடையது. ஒரு செடியை மட்டும் பூட்டி வைப்போம். அது பூத்து மற்றது பூக்காவிட்டால் கை ஒன்று நடுவில் இருக்கிறது என்று தெரியும். அதுவும் பூக்காவிட்டால் செடியிலேயே குறை. ராவுத்தருக்கு அது நியாயமாகப் பட்டது. 1903 அக்டோபர் 21 அன்று, வடகோடிச் செடியின் மேல் ஆளுயர மூங்கில் கூடு இறக்கிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். ஓர் எலி நுழையும் இடைவெளிதான் இருந்தது. சாவி என் இடுப்பில்.

வெள்ளத்தாய் அதைச் சுற்றி வந்தாள். "இது என்ன, செடி முட்டை போடுமா?"

"ஆடு கடிக்குது."

"நம்ம வேலிக்குள்ள ஆடா? எப்பப் பாத்தீய?"

நான் ஆடு பார்த்ததில்லை. ஆடு என்று எந்த நோட்டிலும் எழுதினதும் இல்லை. அவள் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீரை விட்டாள். அதன் பிறகு எடை போடும்போது அவளே கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். பேச்சு குறைந்தது.

1904 மே 9 அன்று ராவுத்தரை வைத்துக்கொண்டு கூட்டைத் திறந்தேன். ஏற்கெனவே இடுக்கு வழியே நீலம் தெரிந்தது. எண்ணினேன், ஐந்து கொத்து. வெளியே பதினோரு செடியிலும் ஒன்றுமில்லை. வெள்ளத்தாய் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பூவைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அன்று நான் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"பூத்திருச்சே ராவுத்தரய்யா."

"பூட்டினது பூத்திருக்கு. பூட்டாதது ஏன் பூக்கலை?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா யாருக்குக் குடுத்தே?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. என்னைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"ஆடுன்னு சொன்னது என்னத்தானா கணக்கய்யா?"

நான் சாவியை இடுப்பில் செருகினேன். அவள் ராவுத்தர் பக்கம் திரும்பினாள்.

"நான் பூவ எடுத்து என்ன செய்ய? அறுதலிக்குத் தலையில வைக்க விதி இருக்கா? சாமிக்குப் போட்டேன்னா கோயில்ல கேளுங்க. வித்தேன்னா வாங்கினவன் ஒருத்தனைக் கூட்டியாங்க."

"வாங்கினவன் எப்படிச் சொல்லுவான்?" என்றார் ராவுத்தர். "ஐஞ்சு கொத்து சாட்சி சொல்லுது, போதும்."

இரண்டாம் நாள் கணக்குத் தீர்த்தோம். நாலு ரூபாயை வாங்கி முந்தானையில் முடிந்தாள். அரிவாளையும் இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்: "எண்ணினீயல்ல, நாப்பது நாளு, குடம்? அது எந்த நோட்டுல போச்சு?"

அவள் இடத்துக்குச் சின்னக்கருப்பன் வந்தான். முப்பது வயது, நெல் வயலில் இருந்தவன், மல்லிகை தெரியாது. வருஷத்தில் என்ன வேலை எப்போது வரும் என்று எழுதிப் படித்துக் காட்டும்படி கேட்டான். 1904 ஜூன் 14 அன்று அதற்காக வேலை நோட்டை எடுத்தேன். பூ நோட்டைத்தான் நான் மூன்று வருஷமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேலை நோட்டைக் கூலி கொடுத்த பிறகு திறந்ததில்லை.

கவாத்து என்ற தலைப்பில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

1902 ஜனவரி 2 முதல் 5 வரை. மல்லிகை 240, கொத்து 12.
1903 ஜனவரி 3 முதல் 6 வரை. மல்லிகை 240, கொத்து 12. தாழ வெட்டினது.
1904 ஜனவரி 2 முதல் 5 வரை. மல்லிகை 240, கொத்து 11.

பதினொன்று என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டாவது செடி கூட்டுக்குள் இருந்தது. வெள்ளத்தாயின் கை மட்டுமல்ல, வெள்ளத்தாயின் அரிவாளும் அதற்குள் போகவில்லை. அந்தச் செடியை அவள் பறிக்காதது ஒரு காரணமாக இருக்கலாம், வெட்டாதது ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பூட்டு தடுத்திருந்தது. தொட்டியில் வந்த வருஷமும் யாரும் வெட்டியிருக்கவில்லை. அந்த வருஷம்தான் முப்பத்தொன்று.

யாரும் சொல்லாமலே அவள் மலைக்கொத்தையும் கவாத்தில் சேர்த்திருக்கிறாள். மல்லிகைக்காரிக்குப் புதர் என்றால் மார்கழியில் வெட்டித்தான் ஆகவேண்டும். நான் அதை எண்ணி எழுதிக் கூலியும் கொடுத்திருக்கிறேன். பூக்கவில்லை என்றதும், அடுத்த மார்கழியில் இன்னும் தாழ வெட்டியிருக்கிறாள்.

ராவுத்தரிடம் அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இதுவும் ஓர் ஊகம்தானே, முன்பு ஓர் ஊகத்தை நம்பித்தானே ஒருத்தியை அனுப்பினோம் என்று நினைத்தேன். நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று இருந்தேன். 1905 ஜனவரி 4 அன்று, ஒன்று விட்டு ஒன்றாக ஆறு செடியை வெட்டச் சொன்னேன், ஆறை விடச் சொன்னேன். கூடு எதற்கும் இல்லை.

"பாதித் தலைக்குச் சிரைச்ச மாதிரி இருக்கு கணக்கய்யா, பாக்கிறவுக என்னச் சிரிப்பாக" என்றான் சின்னக்கருப்பன்.

வெட்டாத செடிகளைக் கவனித்துப் பார்த்தேன். பழைய குச்சியின் நுனியில் பயறளவு கொழுத்த மொட்டு ஒன்று ஜனவரியிலேயே இருந்தது. வெட்டித் தரையில் கிடந்த குச்சிகளிலும் அது இருந்தது. மல்லிகை புதுத்தளிரில் பூக்கிறது. இது போன வருஷத்துக் குச்சியில் பூக்கிறது. மே 12 அன்று எண்ணினேன். வெட்டாத ஆறில் கொத்து 27. வெட்டின ஆறில் 0.

இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். படித்தேன். ராவுத்தர் எண்ணிக்கையை மறுபடி படிக்கச் சொன்னார். இதில் ஏதும் பிசகு இருக்குமோ என்று இரண்டு தடவை கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து நூர்னிசா பேசினார்.

"இது கணக்கய்யாவுக்கு எப்பத் தெரியும்?"

"போன ஜூன்ல தோணிச்சு. நிச்சயமில்லை."

"அவளை அனுப்ப மூணே நாள். அவ திருடலைன்னு சொல்ல ஒரு வருசமா?"

இரண்டு நோட்டையும் மூடினேன்.

வெள்ளத்தாய் வத்திராயிருப்புப் பக்கம் இருப்பதாகக் கண்ணுச்சாமி விசாரித்துச் சொன்னான். ஜூன் 8 அன்று போனேன். பிளவக்கல் போகும் பாதையில் ஒரு புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்ன கணக்கய்யா, இங்கயும் எதுவும் காணலையா?"

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்றைச் சொன்னேன். ஆறும் ஆறும் சொன்னேன். கொண்டுபோயிருந்த ஒரு குச்சியைக் கையில் கொடுத்தேன். நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள்.

"பழங்குச்சியிலயா?"

"ஆமா."

"அப்ப நான்தான் வெட்டினேனா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் முகம் போனதைப் பார்த்தேன். திருடி என்று சொன்ன அன்றுகூட அப்படிப் போகவில்லை.

"பூக்கலையேன்னு இன்னும் தாழ வெட்டினேனே. எம்புட்டுக் குச்சி. எரிச்சுக்கூடப் போட்டேன்."

ராவுத்தர் திரும்ப வரச் சொன்னார் என்றேன்.

"வரலை. அவிய கோவத்துல சொன்னாக, அது போகட்டும். நீங்க கோவமே இல்லாம எழுதினீய. அந்தத் தோட்டத்துல எனக்குக் கை ஓடாது."

"என்ன செய்யணும் சொல்லு."

"பூக்கடையில போய்க் கேட்டீயளாமே, மூணு வருசம் முன்னால. எனக்கு அப்பத் தெரியாது. அங்கருந்து போய் ஒவ்வொரு தோட்டமாக் கேட்டேன், அங்கங்க அந்தப் பேச்சு எனக்கு முன்னால போய் ஒக்காந்திருக்கு. ஆண்டாளுக்குப் பூக் குடுக்கிற தோட்டத்துல திருடின்னு பேர் வாங்கினவளை விடுவாகளா? நீங்க கேட்ட கடையிலயே போய்ச் சொல்லுங்க. திருடலைன்னு சொல்லுங்க. வெட்டிப்போட்டான்னும் சொல்லுங்க. ரெண்டும் சொல்லணும். ஒண்ணை மறைச்சா மத்ததையும் நம்ப மாட்டாக."

ஜூன் 10 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நாலு கடையில் ஒன்று மூடிப் போயிருந்தது. அந்தக் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். 'அவளா இப்படி' என்று முன்பு கேட்டவர், இந்தத் தடவை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மூணு வருசம் கழிச்சு நல்லவள்னு சொல்ல வந்திருக்கீரே, இதுக்கு எம்புட்டு வாங்கினீர்?" என்றார். இன்னொருவர், ராவுத்தருக்கு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றார். நான் நோட்டை விரித்துக் காட்டினேன். அவர்கள் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்கள். நல்லதைச் சொல்லப் போன என்னை அன்று ஒருவரும் நம்பவில்லை. முன்பு ஒன்றும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டபோது எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஊரில் பெரிய மல்லிகைத் தோட்டம் பரிபூரணத்தம்மாளுடையது. புருஷனுக்குப் பிறகு அந்த அம்மாளே நடத்திவந்தார். ஆடிப்பூரத்துக்கு அவர் தோட்டத்திலிருந்துதான் அதிகம் பூப் போகும், பறிக்க ஆளும் தேவைப்படும். அவருக்கு எழுதினேன்.

முதல் பதில் ஜூலை 6 அன்று வந்தது. பூப்பறிக்க வரும் நாற்பது பெண்களும் ஒருவர் கூடையை ஒருவர் பார்த்துக்கொள்கிற நாள் ஆடிப்பூரம். பேர் கெட்டவளை நடுவில் விட்டால் எல்லோர் கூடைக்கும் கெடுதல். மன்னிக்கவும் என்று இருந்தது.

நான் வேலை நோட்டில் அந்த மூன்று பக்கத்தையும், பூ நோட்டில் ஐந்து வருஷத்து எண்ணிக்கையையும், நாற்பது நாள் குடக் கணக்கையும் நகல் எடுத்தேன். கூடு வைத்தது என் யோசனை என்றும், ஆடு என்று சொன்னது பொய் என்றும் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராவுத்தரும் போட்டார். போடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார், ஆடு வந்த இடத்தில் மட்டும், "இதுவும் வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன்.

இரண்டாவது பதில் ஜூலை 22 அன்று வந்தது. நகல் கிடைத்தது, ஆடிப்பூரம் முடியும்வரை பதினோரு நாள் வைத்துப் பார்க்கிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க முடியாது, அவள் கூடையை நானே எடை போடுவேன் என்று எழுதியிருந்தார். கண்ணுச்சாமியை வத்திராயிருப்புக்கு அனுப்பினேன். வெள்ளத்தாய் அரிவாளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாளாம். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவன் சொன்னான். அந்த மாலைக்கடையைத் தாண்டும்போது மட்டும், "ஏலே, மாடு இன்னைக்காவது நிக்குமா?" என்று கேட்டாளாம்.

அதன் பிறகு செய்தி இல்லை. பதினோரு நாள் முடிந்து, ஆடி முடிந்து, ஆவணி பிறந்தது. ராவுத்தர் தினமும் கேட்டார், நான் இல்லை என்றேன். ஏதோ நடந்திருக்கிறது, மறுபடியும் யாரோ கூடையில் கைவிட்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. கண்ணுச்சாமியிடம் விசாரிக்கச் சொல்ல வாய்வரை வந்தது. விசாரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்ததால் சொல்லவில்லை.

கடைசிக் கடிதத்தில் பரிபூரணத்தம்மாள் எழுதியது இவ்வளவுதான்: பதினோரு நாளும் எடை சரி. வைகாசியில் ஒரு பாத்தி ஏன் காய்ந்தது என்று எங்களுக்குத் தெரியாததை அவள் வந்த அன்றே சொன்னாள். ஆவணி முதல் மாதச் சம்பளம். மார்கழிக் கவாத்து அவள் கையில். கீழே, வெள்ளத்தாய் சொல்லி எழுதியது என்று நாலு வரி இருந்தது. மலைக்கொத்தில் காய்ந்த குச்சியை மட்டும் ஒடிக்கச் சொல்லவும். பச்சைக் குச்சியில் கை வைக்க வேண்டாம். பூ முடிந்தவுடனே வேருக்குச் சருகு மண் போடவும். சின்னக்கருப்பனுக்கு அவசரம் ஜாஸ்தி என்று கேள்வி, பார்த்துக்கொள்ளவும்.

அது வந்த தேதி 1905 ஆகஸ்ட் 24.